ஒரே அட்டையில் இரண்டு சிவக்கொழுந்து

சுருவில்,
18.07.1973,
புதன்கிழமை.

கொழும்பிலே கூட்டுறவுக் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்க்கும் அன்பும் மதிப்பும் உள்ள மார்க்கண்டு அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் சிவக்கொழுந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் இலட்சுமிப்பிள்ளை அக்காவும் சுகமாக இருக்க எங்கள் ஊர்ப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். என்னுடைய சுகத்தைப் பற்றித்தான் உறுதியாக எதுவும் எழுத முடியாமல் இருக்கிறது. மூச்சு வருகிறது. காலையில் பசிக்கிறது. முழங்கால் வலி பழையபடி இருக்கிறது. ஆனால் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் பதிவின்படி நான் போன வெள்ளிக்கிழமை காலமாகிவிட்டேன்.

பதற வேண்டாம். அக்காவுக்கு முதலில் ஒரு தேத்தண்ணி கொடுத்துவிட்டு மீதியை வாசித்துக் காட்டவும்.

உங்களுக்குத் தெரியும், மலைநாட்டில் ஒரு சின்னப் புகையிரத நிலையத்தில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றுத் தனியாளாக ஊருக்கு வந்த பிறகு நான் எதிலும் தலையிடுவதில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேம்பின் கீழே சாய்வுக் கதிரையைப் போட்டுப் படுத்தால், சோளகக் காற்று பனையோலைகளுக்குள்ளால் வரும் சத்தம் தூரத்தில் ஒரு ரெயில் வருவதுபோலவே கேட்கும். பாதி உறக்கத்தில் கையை நீட்டிப் பச்சைக் கொடியைத் தேடுவேன். பூனையின் வால்தான் அகப்படும். பூனையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவோம். இப்படி ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கிடந்த என்னைத்தான் ஆழ்வாப்பிள்ளை பிடித்தார்.

முன்பு ஊருக்கு ஒன்றாக இருந்த சங்கங்களை எல்லாம் ஒரே சங்கமாக்கினார்கள் அல்லவா? சுருவில், புளியங்கூடல், மடத்துவெளி என்று ஒவ்வொரு இடத்திலும் அங்கத்தவர் பெயர்கள் ஒவ்வொரு விதமாக எழுதிக் கிடந்தன. அரிசிக் கடையில் ஒரு பெயர், துணிக்கடையில் இன்னொரு பெயர். இதை நேராக்கவென்று ஊர்காவற்றுறைத் தலைமை அலுவலகத்துக்கு வந்த கிளாக்கர்தான் ஆழ்வாப்பிள்ளை. கெட்ட மனிதர் அல்ல. கொழும்பில் ஏதோ வகுப்புக்குப் போய் வந்தவர். ஓராளுக்கு ஓர் அட்டை, எந்தக் கடைக்குப் போனாலும் அதே ஆள், அதே இலக்கம் என்பது அவருடைய கொள்கை. கேட்க எவ்வளவு வடிவாக இருக்கிறது! எல்லா ஊர் அட்டைகளையும் ஓர் அறையில் பரப்பி, இரண்டு தரம் வருகிற பெயர்களைத் தேடிப் பிடித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டு, அதிலிருந்த சாமான்களை மீந்த அட்டையிலேயே சேர்த்தார். கிழிந்ததில் நானும் போனேன். ஏனென்றால் மடத்துவெளியிலும் ஒரு வை. சிவக்கொழுந்து இருந்தது. எங்கள் ஐயா வைத்திலிங்கம். அந்த ஆளின் ஐயா வைரமுத்து. மற்றப்படி ஒரே ஒரு வித்தியாசம்தான். அந்த ஆள் பெண்.

இது எனக்கு அப்போது தெரியாது. சித்திரை வருடப்பிறப்புக்குத் துணி எடுக்கலாமென்று சங்கக் கடைக்குப் போனேன். கடை பார்க்கும் யாக்கோப்பு அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் அட்டையைப் பார்த்தார்.

“ஐயா, குறை நினைக்காதேங்கோ. உங்களுக்குச் சீலைதான் வந்திருக்கு.”

“ஆருக்கு?”

“உங்களுக்குத்தான். நீங்கள் தையல் ரீச்சர் எண்டு கிடக்கு.”

“என்னைப் பார்க்க உமக்கு ரீச்சர் மாதிரிக் கிடக்கோ?”

“எனக்கில்லை ஐயா. அட்டைக்கு அப்பிடிக் கிடக்கு.”

கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சீலை. வேண்டாமென்றால் திருப்பி எடுக்க வழியில்லை என்றார். கொண்டுவந்து கதிரைச் சட்டத்தில் போட்டேன். அன்று மத்தியானம் அது காற்றில் மெல்ல அசைந்துகொண்டு கிடந்தது. கண் அயரும்போது வீட்டுக்குள் யாரோ நடமாடுவது போலிருந்தது. எழும்பிப் போய்க் குசினியை எட்டிப் பார்த்தேன் அத்தான். ஒருவரும் இல்லை. ஏனோ மனம் கொஞ்சம் சோர்ந்து போய்விட்டது.

அந்த மாதம் என்னுடைய சீனியும் மண்ணெண்ணெயும் முழங்கால் எண்ணெயும் மடத்துவெளிக் கடைக்குப் போய்விட்டதாக யாக்கோப்பு சொன்னார். சீலையைப் பொதி செய்துகொண்டு பஸ் ஏறினேன். பஸ் தாம்போதியில் போகும்போது இரண்டு பக்கமும் கடல் முழங்காலளவு ஆழத்தில் அசையாமல் கிடந்தது. கொக்குகள் தங்கள் நிழலிலேயே கால் வைத்து நின்றன. எது கொக்கு, எது நிழல் என்று பார்த்துக்கொண்டே போய், இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிவிட்டேன். வெயிலில் திரும்பி நடந்து, விசாரித்து, ஒரு படலையில் போய் நின்றேன்.

“சிவக்கொழுந்து வீடோ?” என்று கூப்பிட்டேன். என் பெயரை நானே இன்னொருவர் வாசலில் நின்று கூப்பிடுவது, கிணற்றுக்குள் குனிந்து கூப்பிடுவது போலிருந்தது.

அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடி ஓர் அம்மா வந்தார். வயது ஐம்பது சொல்லலாம். “ஓம், நான்தான். நீங்கள் ஆர்?”

“நானும் அதுதான்.”

என்னைப் பார்த்தார், கையிலிருந்த பொதியைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. “அப்ப அந்தச் சவர பிளேட்டுகள் உங்கடதோ! நானும் இதென்ன பகிடியெண்டு யோசிச்சனான். வேட்டியும் கிடக்கு. முழங்கால் எண்ணெயில மட்டும் கொஞ்சம் பாவிச்சிட்டன். கோவிக்காதேங்கோ. நல்ல எண்ணெய்.”

சாமான்களை மாற்றிக்கொண்டோம். தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்தார். தாய் தகப்பனைப் பார்த்துப் பார்த்துக் கலியாணம் தள்ளிப்போய், பிறகு அந்தக் கதையே இல்லாமல் போனது என்று, யாருடையதோ போலச் சொன்னார். நான் மூடுபனிக்குள்ளால் வரும் ரெயிலைப் பற்றிச் சொன்னேன். இஞ்சின் விளக்கு முதலில் ஒரு மஞ்சள் பூப்போலத் தெரியும் என்றேன். “நான் ரெயிலே ஏறினதில்லை” என்றார். ஊசியில் நூலைக் கோத்தபடி இருந்தார், ஆனால் தைக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போகவேண்டியதாயிற்று. வேறு வழியில்லை அத்தான், சீனி அங்கேயல்லவா போகிறது! திருத்தப் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். யாக்கோப்பு தன் கடை அட்டையில் என்னை ஆணாக்கித் தந்தார். மடத்துவெளிக் கடையிலும் திருத்தினார்கள். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் தலைமை அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் ஒரு பை வரும். எல்லாக் கடைகளும் தங்கள் அட்டைகளை அந்தப் பையிலுள்ள தாளுடன் ஒப்பிட்டு ஒரேமாதிரி ஆக்கவேண்டும். வியாழன் வரை ஆணாக இருப்பேன்; வெள்ளி பின்னேரம் திரும்பவும் தையல் ரீச்சர். துணிக்கடைக்குத் தனிப் பை. ஆகவே சில நாட்கள் நான் அரிசிக்கு ஆணாகவும் துணிக்குப் பெண்ணாகவும் இருந்திருக்கிறேன்.

கடைசியில் ரீச்சரையும் வரச்சொல்லி, இரண்டு பேருமாக ஊர்காவற்றுறைக்குப் போனோம். ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“இதில ஆர் அசல்?”

“நகல் எண்டு இதில ஒருத்தரும் இல்லைத் தம்பி” என்றார் ரீச்சர்.

“அப்பிடிச் சொல்லேலாது அம்மா. ரெண்டு பேர் எண்டால் எல்லாக் கடையிலயும் மாத்தவேணும். ஒராள் எண்டால் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை.”

“அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?” என்று நான் கேட்டேன்.

“ஒரே வீட்டில இருக்கிறியள் எண்டாலும் பரவாயில்லை. ஒரு குடும்பமெண்டு எழுதிப்போட்டு விட்டுடுவன்.”

மனிதர் கபடமில்லாமல் சொன்னதுதான். ரீச்சர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். கடலில் ஒரு பாய்த்தோணி போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. நான் சுவரிலிருந்த கலண்டரை ஆழ்ந்து வாசித்தேன்.

எங்கள் முகத்தைப் பார்த்தோ என்னவோ, ஆழ்வாப்பிள்ளைக்கும் மனம் இளகி, பழைய அட்டையை மூடிவிட்டு இரண்டு புது அட்டை போடுவதாக வாக்குக் கொடுத்தார். ஆனால் அட்டையை மூடுவதற்கு இரண்டு காரணங்கள்தான் உண்டாம்: ஊரை விட்டுப் போனார், அல்லது காலமானார். ஊரை விட்டுப் போவதற்கு ஊர் விதானையாரின் கையெழுத்து வேண்டும். காலமாவதற்கு அவருடைய அலுவலகத்தில் ஒன்றும் கேட்பதில்லை. காலமானார் என்று எழுதினார். புது அட்டை எழுத முன்னம் வெள்ளிக்கிழமைப் பை புறப்பட்டுவிட்டது.

அன்று பின்னேரம் நான் புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். படலையைத் திறந்துகொண்டு மலர்வளையத்துடன் யாக்கோப்பு வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலை நிமிராமலே கேட்டார்:

“எப்ப எடுக்கிறியள்?”

“ஆரை?”

“ஐயாவை.”

தலை நிமிர்ந்தார். வளையம் கையிலிருந்து விழுந்துவிட்டது. பாவம், அவரை இருத்தி, தண்ணீர் கொடுத்து, புட்டிலும் பாதியைக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்தபிறகும் “உண்மையா இருக்கிறியளோ?” என்று ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் போனார். அதே நேரம் மடத்துவெளியில் ரீச்சர் வீட்டிலும் சனம் கூடிவிட்டதாம். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்து, அவரவர் தைக்கக் கொடுத்த சட்டைகளையும் கையோடு கொடுத்து அனுப்பினாராம்.

இப்போது நாங்கள் இரண்டு பேருமே இல்லை. அரிசி இல்லை, சீனி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. மத்தியானத்தில் படுத்திருக்கும்போது, பதிவில் இருப்பதுதான் சரியோ என்றுகூடத் தோன்றுகிறது. காற்று வருகிறது, இலை விழுகிறது, ஒருவரும் கூப்பிடுவதில்லை. ஆனால் அரிசிப் பானையின் அடி தெரியத் தொடங்கிவிட்டது. ஆகவே அத்தான், இந்தக் கடிதம் கண்டவுடன் மேலிடத்திலிருந்து ஒரு கட்டளை எழுதுவித்து, எங்களை உயிரோடு எழுப்பி, வேறு வேறு ஆட்களாகப் பிரித்து, எல்லாக் கடைகளுக்கும் ஒரே நாளில் அறிவிக்கச் செய்யவேண்டும். இனிமேல் என் பெயருக்கும் அந்த அம்மாவின் பெயருக்கும் ஒரு தொடர்பும் இருக்கக்கூடாது.

அக்காவை இருமலுக்கு மருந்து எடுக்கச் சொல்லவும். உங்கள் இருவருக்கும் மடத்துவெளி முருகன் நீண்ட ஆயுளைத் தந்து, அதைப் பதிவிலும் சரியாக எழுதுவிப்பாராக.

இங்ஙனம்,
இருந்துகொண்டே இல்லாமற் போன மைத்துனன்,
வை. சிவக்கொழுந்து (ஆண்)

பி.கு. (ஞாயிறு): தபாலில் சேர்க்கப் பிந்திவிட்டது. வெள்ளிக்கிழமை யாக்கோப்பு புது அட்டையைக் கொண்டுவந்து தந்தார். நான் உயிரோடு இருக்கிறேன், ரீச்சரும் இருக்கிறார். வேறு வேறு இலக்கம். எல்லாக் கடையிலும் ஒரேமாதிரி. என் சீனி எனக்கே வந்துவிட்டது. நேற்றுச் சனிக்கிழமை போவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் கதிரையில் படுத்திருந்தேன். காற்று அடித்தது, ரெயில் ஒன்றும் வரவில்லை. பின்னேரம் படலை திறந்தது. ரீச்சர். சுருவிலுக்கு அவர் வருவது இதுதான் முதல்தரம்.

“இண்டைக்குச் சனிக்கிழமை” என்றார்.

“ஓம். ஆனால் எல்லாம் சரிவந்திட்டுதே.”

“கந்தோருக்கு வாங்கோ எண்டியள், வந்தனான். பிரிக்கச் சொல்லி நான் ஒரு சொல்லுச் சொன்னனானோ?”

அத்தான், மேலே உள்ளதை எழுதாததாகக் கொள்ளவும். எங்களைப் பிரிக்கும்படி ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்க்கச் சொல்லி அக்காவிடம் சொல்லவும். அழைப்பிதழைக் கொழும்பிலே அடிப்பிப்பதென்றால் அச்சகத்துக்கு நீங்களே நேரில் போகவேண்டும். மாப்பிள்ளையும் சிவக்கொழுந்து, பெண்ணும் சிவக்கொழுந்து. அச்சுக் கோக்கிறவர் கைப்பிசகென்று ஒன்றை எடுக்கப் பார்ப்பார். பக்கத்திலே நின்று, இரண்டும் வேணும் என்று சொல்லவும்.