வண்டி நிற்கக் கூடாது

காரின் அடியிலிருந்து ஆராவமுதனின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஏன்னா, இன்னிக்கு அதைப் போய் நோண்டாதேங்கோன்னு சொன்னேனே! பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள கிளம்பணும்," என்றாள் பர்வதம்.

"கியர் ஆயில்தானே மாத்தறேன்? பத்தே நிமிஷம்," என்று கால்களின் பக்கமிருந்து பதில் வந்தது.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற மனுஷருக்கு இந்த வேலை எதற்கு? காரணம் இருந்தது. போன மாதம் கூடுவாஞ்சேரி போகும் வழியில் கியர் மாட்டிக்கொண்டு வண்டி மூன்று தடவை நின்றது. பர்வதம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "மாமல்லபுரத்துல அண்ணாவோட அறுபதாம் கல்யாணத்துக்குப் போறச்சே இது வழியில நின்னுதுன்னா, மறுநாளே வித்துடணும்!"

இன்றுதான் அந்தப் பயணம். அந்தப் பழைய அம்பாசிடர் என்றால் ஆராவமுதனுக்கு உயிர். அதை விற்பதாவது!

கீழ் போல்ட்டைக் கழற்றினார். ஆயில் தேன் மாதிரி பளபளவென்று இட்லிப் பானையில் இறங்கியது.

"பார்த்தியா! பழைய ஆயில் கறுப்பா இருக்கணும்னு வண்டியோட வந்த புஸ்தகத்துல போட்டிருக்கு. இதுல நிறமே வெளுத்துப் போயிடுத்து. நல்லவேளை, கவனிச்சேன்!"

"ஏன்னா, அது வந்து..."

"குறுக்கே பேசாதே!"

பர்வதம் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்து, புது ஆயில் ஊற்றுவதற்கு மேல் போல்ட்டைத் திறக்க வேண்டும். அது அசையவேயில்லை. "இருபது வருஷமா ஒருத்தனும் இதுல கை வைக்கலை!" என்று திட்டினார். மேல் போல்ட் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கீழே வடிக்க வேண்டும் என்று புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் இருந்தது. அவர் மூன்றாம் பக்கத்தோடு எழுந்து வந்தவர்.

வீட்டில் பித்தளைப் பாத்திரத்துக்கு நடக்கிற வைத்தியத்தையே செய்தார். புளியைக் கரைத்துத் தேய்த்தார். போல்ட் பளிச்சென்று ஆனதே தவிர நகரவில்லை. சுத்தியலால் நாலு போடு போட்டார். ஆறு முனையும் மழுங்கி, போல்ட் உருண்டையாகிவிட்டது. இனி எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

"கீழ் ஓட்டை வழியாவே மேலே ஏத்திட்டா என்ன?"

கொசு மருந்து பம்ப்பில் புது ஆயிலை நிரப்பி ஓங்கி அடித்தார். உள்ளே ஏறியது ஒரு ஸ்பூன் இருக்கும். மிச்சமெல்லாம் அவர் முகத்தில். கண் தெரியாமல் தவழ்ந்து வந்து, பின் சீட்டில் கைக்குக் கிடைத்த துணியை எடுத்து அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! அது அண்ணாவுக்கு வாங்கின பட்டு வேஷ்டி!" என்று வாசலில் அலறினாள் பர்வதம்.

"வேஷ்டி கிடக்கட்டும்டி, என் வண்டி போச்சே! தயவு பண்ணி வித்துடாதே, பர்வதம்!" மனுஷர் நிஜமாகவே அழுதுவிட்டார்.

பர்வதம் நேராக எதிர்வீட்டுக்குப் போய் மெக்கானிக் ஏசுபாதத்தைக் கூட்டி வந்தாள்.

ஏசுபாதம் குனிந்து போல்ட்டைப் பார்த்தார். இட்லிப் பானையில் விரலை விட்டு மோந்து பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா சார், இப்டி பேஜார் பண்ணி வச்சுகீறீங்க! நேத்து நாந்தான் புது ஆயில் ஊத்தி, போல்ட்ட நல்லா முறுக்கிட்டுப் போனேன். 'ஏதோ கோவத்துல வித்துடணும்னு சொல்லிட்டேன் ஏசுபாதம், வண்டி நிக்காம நீதான் பாத்துக்கணும்'னு நீங்க டூட்டிக்குப் போனப்ப அம்மாதானே என்னைக் கூட்டாந்தாங்க!"