மைனஸ் ஆறு கிராம் முட்டை

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டாம் வருஷப் பிள்ளைங்க அறுபது பேருக்குப் புள்ளியியல் டெஸ்ட் வைக்கணும். பேப்பர்ல இல்லை, கம்ப்யூட்டர்ல.

நான் நாமக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில புள்ளியியல் சொல்லிக் குடுக்கிறேன். சொல்லிக் குடுக்கிறதுகூட கஷ்டமில்லைங்க. திருத்துறதுதான்! ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு கட்டுப் பேப்பர் வீட்டுக்கு வரும், ஒரு ஞாயித்துக்கிழமை காணாமப் போகும்.

அதனால நானே பிரின்சிபால்கிட்ட போனேன். "சார், கம்ப்யூட்டரே கேள்வி கேக்கும், கம்ப்யூட்டரே திருத்தும்"னு கெஞ்சினேன்.

"சரிம்மா. வெள்ளிக்கிழமை தாளாளர் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடிச்சுதுன்னா இனிமே எல்லா டெஸ்டும் கம்ப்யூட்டர்தான். பிடிக்கலைன்னா பழைய கட்டுதான்" அப்படின்னுட்டார்.

ஆக, என்னோட ஞாயித்துக்கிழமை அத்தனையும் அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் இருந்துச்சு.

சும்மா விடுவேனா? காப்பியடிக்கவே முடியாத மாதிரி ஏற்பாடு பண்ணினேன். கேள்வி எல்லாருக்கும் ஒண்ணுதான். "பத்து முட்டையோட எடை குடுத்திருக்கு, சராசரி என்ன?" ஆனா ஒவ்வொருத்தருக்கும் வேற வேற எடையைக் கம்ப்யூட்டரே போட்டுக்கும். நான் ரெண்டு கட்டத்தை நிரப்பினாப் போதும். சராசரி எடை அம்பத்தஞ்சு கிராம். அடுத்தது திட்ட விலக்கம், இங்கிலீஷ்ல ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது எடை எவ்வளவு முன்னப்பின்ன இருக்கலாம்ங்கிறது. அதையும் அடிச்சேன். உள்ளூர் உதாரணம் வேற! என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

ஒரு விஷயம் சொல்லிடறேன். நான் வெளியூர், வாழப்பாடிக்காரி. முட்டையைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது ஆம்லெட் வரைக்கும்தான். என் கிளாஸ்ல பாதிப் பேர் வீட்டுல கோழிப்பண்ணை இருக்கேன்னு கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்.

டெஸ்ட் ஆரம்பிச்சுது. முதல்ல கை தூக்கினவன் கதிர்வேல். பரமத்தி வேலூர் பக்கம் பண்ணை வெச்சிருக்கிற வீட்டுப் பையன்.

"ஏனுங் மேம், இதுல ஒரு முட்டை நாலு கிராம்னு இருக்குதுங்க."

"இருக்கட்டும். நீ கணக்கைப் போடு."

"நாலு கிராம்னா அது குருவி போட்டதுங்க மேம். எங்க பண்ணையில குருவி வளத்தறதில்லீங்க."

"டெஸ்ட்ல பேசக் கூடாது!"

பின் வரிசையில கவிதா எந்திரிச்சா. "மேம், எனக்கு ஒரு முட்டை நூத்தியிருவது கிராமுங்க."

"பெரிய கோழியா இருக்கும்மா. உக்காரு."

"இதைப் போட்டதுக்கப்பறம் அந்தக் கோழி உசுரோட இருக்குமுங்களா மேம்?"

லேப் முழுக்கச் சிரிப்பு. நான் மேசையைத் தட்டுறேன், கதவு திறக்குது. தாளாளர்! போர்வெல் போடற ரிக் லாரியில ஆரம்பிச்சு, கோழிப்பண்ணையில வளர்ந்து, கடைசியாக் கல்லூரி கட்டினவர். பின்னாலயே பிரின்சிபால், கையைக் கட்டிக்கிட்டு.

வருஷம் முழுக்க வாயே திறக்காத சுதா சரியா அந்த நேரத்துலதான் எந்திரிச்சா. "மேம், எனக்கு ஒரு முட்டை மைனஸ் ஆறு கிராம் மேம்."

"அது இன்னும் போடாத முட்டையா இருக்குமுங்க!" கதிர்வேல்தான், வேற யாரு?

தாளாளர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு சுதாவோட கம்ப்யூட்டரைக் குனிஞ்சு பார்த்தார். "ஏனுங் டீச்சரம்மா, நானும் தலை நரைக்கற வரைக்கும் பண்ணை வெச்சிருக்கறன். மைனஸ்ல முட்டை போடற கோழி எந்தூர்ல கெடைக்குதுங்க?"

"ஐயா... இது சும்மா கற்பனை முட்டைங்க."

"கற்பனையா இருந்தாலும் தராசுல நிக்கோணுமில்லீங்க?"

என் கம்ப்யூட்டருக்கு ஓடினேன். அந்த ரெண்டாவது கட்டத்தைத் திறந்து பார்த்தேன். அஞ்சு போட வேண்டிய இடத்துல அஞ்சோட வர்க்கத்தை, அதாவது வேரியன்ஸை, போட்டிருக்கேன். இருபத்தஞ்சு! இதே தப்பைப் பண்ணின பிள்ளைங்களை "இதுகூடத் தெரியாதா, வெளியில போய் நில்லு"ன்னு விரட்டின வாய்ங்க இது.

நைசா மாத்திடலாம்னு பார்த்தேன். என் கம்ப்யூட்டர் சுவத்துல இருக்கிற பெரிய திரையோட இணைஞ்சிருந்தது ஞாபகமே இல்லை.

"மேம், வேரியன்ஸைக் கொண்டுபோய் ஸ்டாண்டர்ட் டீவியேஷன்ல போட்டுட்டீங்க!" மூணு வரிசையும் ஒண்ணாக் கத்துது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கிளாஸ்ல எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், ஒருத்தர் சரியாச் சொன்னதில்லை. அன்னைக்கு அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு! சந்தோஷப்படுறதா, மேசைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிறதான்னு தெரியலை.

நேரம் முடிஞ்சுது. கம்ப்யூட்டர் மார்க் போட்டுச்சு. கிட்டத்தட்ட எல்லாருக்கும் முழு மார்க். நாலு கிராமையும் கூட்டி, நூத்தியிருபதையும் கூட்டி, மைனஸ் ஆறைப் பக்குவமாக் கழிச்சு, சராசரி எடுத்திருக்காங்க. சுதாவுக்கும் நூத்துக்கு நூறு.

தாளாளர் முகம் மலர்ந்துச்சு. "அடேங்கப்பா! இப்புடி ரிசல்ட்டு வந்ததே இல்லீங்களே! பிரின்சிபால் சார், அட்மிஷன் நோட்டீஸ்ல பெருசாப் போட்டுருங்க. இனிமேட்டு எல்லா டெஸ்டும் கம்ப்யூட்டர்லயே வெய்யுங்க."

எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. ஜெயிச்சுட்டேன்! தப்பையும் பண்ணி, ஜெயிக்கவும் செஞ்சது என் வாழ்க்கையிலயே அதுதான் முதல் தடவை.

வாசப்படி வரைக்கும் போனவர் திரும்பினார்.

"ஆனா ஒண்ணுங்க டீச்சரம்மா. மைனஸ் முட்டையவே நம்பற மிஷினு. அது போடற மார்க்க நாம எப்படி நம்பறது? ஒவ்வொரு டெஸ்டு முடிஞ்சதும் அத்தனையும் பிரிண்ட் எடுத்து, நீங்க ஒருக்காக் கையில போட்டுச் சரி பாத்துருங்க."

"கண்டிப்பாச் செய்வாங்க ஐயா"ன்னு பிரின்சிபால் எனக்குப் பதிலாத் தலையாட்டினார்.

முன்னெல்லாம் அறுபது பேப்பருக்கும் ஒரே விடை. கண்ணை மூடிக்கிட்டு டிக் போட்டுட்டுப் போகலாம். இப்போ ஒவ்வொரு பேப்பர்லயும் வேற எண், வேற விடை. அறுபது தடவை நானே உக்காந்து கணக்குப் போடணும். ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணுக்கு எழுதவே முடியாத மாதிரி ஏற்பாடு பண்ணின புண்ணியவதி நான்தானே!

ஞாயித்துக்கிழமை கால்குலேட்டரும் கையுமா உக்காந்திருக்கேன். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டரே திருத்திரும்னு சொன்ன?"

"அது வெள்ளிக்கிழமையே திருத்தி முடிச்சுட்டு லீவுல போயிருச்சுங்க."