செஷன் முடிந்தால் வாரியல் அண்ணாச்சி வருவார்

தென்காசியில் வாரியல் அண்ணாச்சியைவிடச் சுத்தமான மனிதர் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தாலும், அண்ணாச்சி அவரை ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் தொட்டிலில் போடுவார். துடைப்பத்தை எங்கள் பக்கம் வாரியல் என்போம். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா தெரியாது.

நாங்கள் நாலு பேர் வேலை பார்த்த சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் அவர்தான் சீனியர். குற்றாலத்து அருவிகளில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று கேமரா வழியாகப் பார்த்து லாட்ஜ்காரர்களுக்குச் சொல்வது எங்கள் புரோகிராம். சீசனில் ஊரே ஐந்தருவிக்குக் குளிக்கப் போகும். அண்ணாச்சி ஷாம்பு கவர் பொறுக்கப் போவார்.

அந்தக் கேமரா ஒரே நேரத்தில் நாலு கனெக்‌ஷன்தான் தரும். வேலை முடிந்து அதை மூடாமல் போனால், நாம் இன்னும் உள்ளே இருப்பதாகவே நம்பி, அடுத்தவருக்கு இடம் தராது. நாங்கள் உத்தமர்கள், ஒருநாளும் மூடியதில்லை.

"ஏலே, கதவ மூடாம போனா நாய் வரும். கனெக்‌ஷன மூடாம போனா என்ன வரும்?"

"என்ன வரும் அண்ணாச்சி?"

"நான் வருவேன்லே."

வந்தார். கனெக்‌ஷனை மூடி, தற்காலிகக் குப்பை சேரும் டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்யும் புரோகிராம் கோடு ஒன்றை, நாங்கள் எல்லாரும் ஏற்றி ஓட்டும் பேக்கேஜுக்குள் எழுதினார். ஒரு வாரம் பெருமை பேசிய பிறகுதான் தெரிந்தது, அது ஒருமுறைகூட ஓடவில்லை. ஏற்றிய பேக்கேஜை மெமரியிலிருந்து நாமே இறக்கினால்தான் ஓடுமாம், வெறுமனே வேலை முடிந்து செஷனை மூடினால் ஓடாதாம். இறக்கிவைத்துவிட்டுப் போகிற பொறுப்பு எங்களில் யாருக்கு இருந்தது? அண்ணாச்சி ரெண்டு நாள் கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை.

மூன்றாம் நாள் காலை, செஷன் எப்படி முடிந்தாலும் தானாகவே சுத்தம் நடக்கும்படி மாற்றிவிட்டார். எல்லாருக்கும் உளுந்த வடை தந்து விளக்கினார். நான் வடையை மட்டும் கவனித்தேன்.

எனக்கு வேலை நிலைக்குமா என்பது அன்று பதினொரு மணிக்கு வரவிருந்த லாட்ஜ்காரர்கள் கையில் இருந்தது. அவர்களுக்கான சீசன் ரிப்போர்ட்டைப் பத்து நாள் உழைத்து, மகா புத்திசாலித்தனமாக டெம்ப் ஃபோல்டரிலேயே வைத்திருந்தேன். கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்து, செஷனை மூடிவிட்டு, டீ குடிக்கப் போனேன். வந்து திறந்தால் ஃபோல்டர் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எங்கன வச்சிருந்த?" என்றார் அண்ணாச்சி.

"டெம்ப்லதான் அண்ணாச்சி."

"அது என்ன, ஒன் வீட்டு பீரோவாலே?"

திட்டிக்கொண்டே இன்னொரு ஃபோல்டரைத் திறந்தார். என் ரிப்போர்ட் முழுசாக அங்கே இருந்தது. தான் எழுதிய புரோகிராமைக் காட்டினார். செஷனை மூடுவது நானாக இருந்தால், அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் அங்கே பத்திரப்படுத்தச் சொல்லி ஒரு வரி.

"எனக்காகவா எழுதுனீய?"

"பெறவு? நாலு பேர்ல நீ ஒருத்தன்தானலே டெம்ப்ல குடித்தனம் நடத்துத. மூஞ்சியத் தொடச்சிக்க, ஆளுக வருதாங்க."

வேலை நிலைத்தது. அண்ணாச்சி இப்போது சுரண்டையில் தனியாகத் தொழில் செய்கிறார். பேக்கேஜ் என் பொறுப்பில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பெண் நேற்று அந்த வரியைக் காட்டி, "சார், இது ஒங்களுக்கு மட்டுந்தான் ஓடுது. தேவையில்லல்லா, எடுத்திரட்டுமா?" என்று கேட்டாள்.

நான் டெம்பில் எதையும் வைப்பதை நிறுத்திப் பல காலமாகிறது. இருந்தாலும் வேண்டாம் என்றேன். எனக்காக ஒருவர் உட்கார்ந்து எழுதிய வரி, இந்த உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது.