இடது காலில் பூட்ஸ், வலது காலில் கான்வாஸ்

குளியலறைத் தரையில் சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புது ரப்பர் செருப்போடு அதில் நடந்து பார்த்தார் கணவர். இரண்டாவது அடியில் வாளியைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தார்.

“அங்க என்னங்க சத்தம்?”

“கப்பல் மேல்தளம் ஈரமா இருந்தா வழுக்குமான்னு பாத்தேன். வழுக்குது.”

“மூணு மணி நேரத்துல கப்பல் கிளம்புது. பத்து வருஷமா கெஞ்சி வாங்கின உல்லாசப் பயணம், கெடுத்துடாதீங்க,” என்றாள் மனைவி.

ரப்பர் போய், கனத்த தோல் பூட்ஸ் வந்தது. சோப்புத் தண்ணீரில் சுவர் போல நின்றார். வழியனுப்ப வந்திருந்த மைத்துனன் அதைக் குனிந்து பார்த்தான்.

“அத்தான், கப்பல் கவுந்தா இது உங்களை நேரா கடலுக்கு அடியில இறக்கி விட்டுடும்.”

கணவர் முகத்தில் ரத்தம் வற்றியது. “கவுந்துடுமா?”

“பேச்சுக்குச் சொன்னேன்.”

“பேச்சுக்குக்கூட ஏன்டா கவுக்கறே?”

சட்டென்று உதறிவிடும்படி நாடா இல்லாத கான்வாஸ் ஷூவுக்கு மாறினார். கூடத்தில் நின்று, “மூழ்குது, மூழ்குது” என்று தனக்குத் தானே அறிவித்துக்கொண்டு உதறிப் பழகினார். மூன்றாவது முறை மூழ்கியபோது இடது ஷூ ஜன்னல் வழியே பறந்து பக்கத்து வீட்டு மாடியில் விழுந்தது. அந்த வீடு ஒரு வாரமாகப் பூட்டிக் கிடந்தது.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வர இஷ்டம் இல்லேன்னா சொல்லிடுங்க. நான் தனியாவே போறேன்.”

“உன்னைத் தனியா அந்தக் கப்பல்ல ஏத்திட்டு நான் எப்படி நிம்மதியா இருக்கிறது?”

பத்து வருடத்தில் அவர் சொன்ன ஒரே காதல் வசனம் அது. மனைவி உருகிவிட்டாள். அவர் நெற்றி ஏன் அப்படி வேர்த்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

துறைமுகத்துக்கு அவர் இடது காலில் பூட்ஸும் வலது காலில் கான்வாஸுமாக வந்து சேர்ந்தார். ஒன்று வழுக்காமல் இருக்க. மற்றது மூழ்கினால் உதற. நொண்டி நொண்டிக் கப்பல் படிக்கட்டை அடைந்ததும் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றினார்.

“ஏறுங்க,” என்று முதுகில் தள்ளினாள் மனைவி.

அவர் டிக்கெட் பார்க்கும் பெண்ணிடம் குரலைத் தாழ்த்தினார். “ஏம்மா, உள்ளே தரை வழுக்குமா? உயிர்காப்புப் படகெல்லாம்... நிஜமாவே இருக்கா?”

டிக்கெட்டில் இருந்த பெயரைப் படித்தவள் மரியாதையாக எழுந்து நின்றாள்.

“என்ன சார், என்னைப் போய்க் கேக்கறீங்க? போன மாசம் எங்க கப்பலை முழுக்கச் சுத்திப் பாத்து, எல்லாம் சரியா இருக்குன்னு பாதுகாப்புச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டதே நீங்கதானே!”