மொட்டை மாடிக் கருப்பு

கேட்டில் மாநகராட்சி ஒட்டியிருந்த நோட்டீஸை ராமதாஸ் மறுபடியும் படித்தார். மறுபடியும் அதே வரியில் கண் நின்றது. 'அனுமதியின்றிக் கட்டப்பட்ட மேல்தள அறை அகற்றப்படும்.'

"ஏங்க, கிழிச்சு எறிஞ்சிரலாமா?" என்றாள் மனைவி அலர்மேல்மங்கை.

அது வேறு வழக்காகிவிடும் என்று சொல்ல வாயைத் திறந்தார். பயத்தில் வீட்டில் பேசும் சௌராஷ்டிரமும் வரவில்லை, செல்லூர்த் தெருவில் பேசும் தமிழும் வரவில்லை.

தை மாதம் மகன் பாலகணேஷுக்குக் கல்யாணம். கீழே இருப்பது ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும்தான். மாடி அறையைக் காட்டித்தான் சம்பந்தமே பேசி முடித்திருந்தார். அறை போனால் கல்யாணமும் போகும்.

அறையைக் கட்டிய கொத்தனார் சோணைமுத்துவை வரவழைத்தார்.

"பிளான் அப்ரூவல் எல்லாம் எதுக்குன்னு நீதானேப்பா சொன்ன?"

"பதறாதீங்கண்ணே. தார்ப்பாயப் போட்டு மூடிருவோம். கீழருந்து பாத்தா ரூம் இருக்கதே தெரியாது."

நீலத் தார்ப்பாய் போட்டார்கள். அதுவரை யார் கண்ணையும் உறுத்தாத அறை, இரண்டு தெரு தள்ளிப் போகிறவர்களுக்கும் தெரிந்தது. 'ராமதாஸ் அடுத்த மாடியும் எழுப்புறாரு' என்று பேச்சுக் கிளம்பி, மறுநாளே பில்டிங் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். அளந்தார், படம் எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை இடிக்க ஆளோட வாரேன். அதுக்குள்ள ஏதாவது விளக்கம் இருந்தா எழுதிக் குடுங்க."

ராமதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. சோணைமுத்துவுக்கு யோசனை மட்டும் தடையில்லாமல் வந்தது.

"உள்ள கருப்பசாமிய வச்சிருவோம்ணே. அருவாளப் பாத்தா எந்த ஆபீசரும் கை வைக்க மாட்டாரு."

"நாங்க பெருமாளக் கும்பிடுறவங்கப்பா!"

"பெருமாள் சாந்தமானவரு. இந்த வேலைக்கு ஆக மாட்டாருண்ணே."

ஒரு கல், ஓர் அரிவாள், ஒரு மணி, எலுமிச்சம்பழ மாலை. அறை கோயிலானது. ராமதாஸுக்கு இன்ஸ்பெக்டர் பயத்தோடு கருப்பு பயமும் சேர்ந்துகொண்டது. தன் வீட்டு மாடிக்கே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினார்.

"பொய்யா வச்ச சாமி கோவிச்சுக்கிட்டா என்ன செய்வீங்க? நான் இனிமே மாடியில துணி காயப்போட மாட்டேன்" என்றாள் அலர்மேல்மங்கை. "அது சரி, கல்யாணத்துக்கு அப்புறம் அந்த ரூம்ல பிள்ளைங்களா படுக்கும், கருப்பா?"

"மொதல்ல ரூம் நிக்கட்டும். அப்புறம் சாமிய மரியாதையா டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஏதாவது கருப்பு கோயிலுக்கு அனுப்பி வச்சிரலாம்" என்றார் ராமதாஸ்.

'இது குடியிருக்கும் அறை அல்ல, கோயில்' என்று விளக்கம் எழுதிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சொந்தமா கும்பிடுறதா, பொதுக் கோயிலா? சொந்தம்னா இடிச்சிருவோம்."

"பொது... பொதுதான் சார்." பயத்தில் நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

பொதுக் கோயிலுக்குப் பொதுமக்கள் வேண்டுமே. தெருமுனையில் பூ விற்கும் சீனியம்மாளிடம், "கேட்டதக் குடுக்கிற கருப்பு" என்று சோணைமுத்து ஒரு வார்த்தை போட்டுவைத்தான். சீனியம்மாள் தொலைத்த செல்போனை வேண்டிக்கொண்டாள். அது அன்றைக்கே பூக்கூடைக்குள் அகப்பட்டது. அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் மாடிப்படி நிறைந்துவிட்டது.

"அக்கா, பொங்க வைக்கப் பெரிய பானை இருக்கா?"

"அக்கா, பாத்ரூம் எந்தப் பக்கம்?"

அலர்மேல்மங்கையால் அடுப்படியை விட்டு வெளியே வர முடியவில்லை.

"பூசாரியண்ணே, துன்னூறு குடுங்க" என்று ஒருவர் ராமதாஸிடம் கையை நீட்டினார். நடுங்கிக்கொண்டே கொடுத்தார். நடுங்கும் கையைப் பார்த்து, "அருள் வந்திருச்சுடோய்!" என்று கூட்டம் குலவையிட்டது.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னால் இரண்டு பேர் இடிக்கிற மிஷினைச் சுமந்து வந்தார்கள். கூட்டம் முறைத்தது. அரிவாள் மினுங்கியது. இன்ஸ்பெக்டர் ராமதாஸைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நெசமாவே பொதுக் கோயில்தானா?"

ராமதாஸ் எரியும் சூடத்தின் மேல் கையை நீட்டினார். "சத்தியமா சார். இதுல ஒரு செங்கல்கூட எனக்குச் சொந்தமில்ல. எல்லாம் இந்த மக்களோடது."

இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றினார். கும்பிட்டார். விபூதி பூசிக்கொண்டார்.

"அப்ப நாங்க கை வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, ஆட்களுக்குக் கிளம்பச் சைகை காட்டினார்.

நோட்டீஸ் வந்த நாளுக்குப் பிறகு ராமதாஸ் முதல்முறையாக ஒழுங்காக மூச்சு விட்டார். அலர்மேல்மங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சீனியம்மாள் முன்னால் வந்தாள்.

"மிஷின எங்க தூக்கிட்டுப் போறீக சார்? எங்க கோயிலுக்கு அடியில இவரு ஆக்கிரமிச்சு ஒரு வீடு கட்டி வச்சிருக்காரே, அத யாரு இடிக்கிறது?"