நூற்றெழுபது வயது இழைப்புளிக்கு நான் வைக்காத கைநாட்டு

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்தவன் வணங்கி எழுதிக்கொள்வது. முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். வரிகள் ஏறியும் இறங்கியும் போகும். ஒரு எழுத்து குண்டாகவும் அடுத்தது பட்டினி கிடந்தது போலவும் இருக்கும். மரமாக இருந்தால் இரண்டே இழைப்பில் மட்டமாக்கியிருப்பேன். காகிதத்தில் அழுத்தினால் கிழிகிறது. நீங்கள் இப்போது தாளைத் திருப்பி, யார் எழுதிக் கொடுத்தது என்று தேடுவீர்கள். தேட வேண்டாம். நானேதான் எழுதுகிறேன். எட்டு மாதமாக நூலகத்து மாடியில் நடக்கும் மாலை வகுப்புக்குப் போய் வருகிறேன். என் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, என் மகளுக்குக்கூடத் தெரியாது. நாளுக்கு முக்கால் பக்கம் வீதம் ஆறு நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஆகவே இதில் உள்ள கோபம் ஒரு நாள் கோபம் அல்ல. தினமும் காலையில் புதிதாக வந்தது.

இங்கே இருவரும் சௌக்கியம். எனக்கு முழங்காலால் வலி, அவளுக்கு என்னால் வலி. அங்கே நீங்கள், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, என் மகள் நால்வரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது.

நீங்கள் அனுப்பிய உறை வந்து சேர்ந்தது. பழைய சாமான் கடையில் நீங்கள் வாங்கிய, மரம் சீவும் இழைப்புளியின் புகைப்படங்கள் மூன்று, நான் விரல் ரேகை வைக்க வேண்டிய சான்றிதழ் ஒன்று, விரல் எங்கே விழ வேண்டும் என்று பென்சிலால் ஒரு வட்டம், கூடவே ஒரு சின்ன மைப்பெட்டி. மறுநாளே தொலைபேசியிலும் வந்தீர்கள். “சம்பந்தி, நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம். விரல வைங்க, மீதிய நான் பாத்துக்கறேன்” என்றீர்கள். சம்பந்தி, ஐம்பத்திரண்டு வருடத் தச்சு வாழ்க்கையில் பிறர் எழுதியதற்கெல்லாம் விரல் வைத்தவன் நான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், “வழக்கமானதுதான்யா, வை” என்பார்கள், வைப்பேன். உங்கள் சான்றிதழ்தான் நான் தலைப்பிலிருந்து கடைசிப் புள்ளி வரை நானே படித்த முதல் தாள். இரண்டு நாள் ஆயிற்று. படித்து முடித்த சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். என்ன படித்தோம் என்று யோசித்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். இந்த இழைப்புளிக்கு வயது நூற்றெழுபதுக்கு மேல் என்று நான் உறுதி கூறுகிறேனாம். பெயர் அறியாத மேதை ஒருவர் செய்தது என்று உறுதி கூறுகிறேனாம். கப்பலில் வந்தது, தந்தம் பதித்தது, எல்லாம் நான் உறுதி கூறுகிறேனாம். கடைசி வரி எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ‘எனக்கு எழுதப் படிக்கத் தெரியாததால், இதைப் பிறர் படித்துக் காட்டக் கேட்டு, புரிந்துகொண்டு விரல் ரேகை வைக்கிறேன்.’ யாரும் படித்துக் காட்டவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை நானேதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இனி இழைப்புளிக்கு வருகிறேன். அதன் வெட்டுத் தகட்டில் 1847 என்று பொறித்திருக்கிறது, ஆகவே அதுதான் அதைச் செய்த வருடம் என்கிறீர்கள். எண் எனக்கு எப்போதும் தெரியும், எண் தெரியாதவன் அளவுகோலைப் பிடிக்க முடியாது. என் சாமான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே கிடக்கும் மூன்று தகடுகளிலும் 1847. மூன்றையும் நான்தான் வேறு வேறு வருடங்களில் கடையில் புதிதாக வாங்கினேன். கடைசியாக வாங்கியதைச் சுற்றி வந்த மெழுகுக் காகிதம்கூட இருக்கிறது, எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘சரக்கு எண் 1847. எண்ணெய் தடவி வைக்கவும்.’ எனக்குப் போய் எண்ணெய் தடவச் சொல்லித் தருகிறான், அவனை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன். சரக்கு எண்தான் வருடம் என்றால் என் செருப்பின் அடியில் 9 என்று இருக்கிறது. அது எந்த யுகத்துச் செருப்பு என்று உங்கள் பழம்பொருள் சங்கம்தான் கூடி முடிவு செய்ய வேண்டும். அடுத்தது தந்தம். இழைப்புளியின் அடியில் மரச்சுருள் மேலேறி வரும் பிளவுக்கு நாங்கள் வாய் என்போம். அந்த வாயோரமாக வெள்ளையாக ஒரு துண்டு பதித்திருக்கிறதே, அதை நீங்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தடவுகிற படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு ஊசியைச் சுட வைத்து அதன் மூலையில் தொட்டுப் பாருங்கள். யானை வாசனை வந்தால் ஒரு விரல் என்ன, பத்து விரலும் வைக்கிறேன். வராது. பிளாஸ்டிக் வாசனைதான் வரும். அது சுவிட்ச் மூடி சம்பந்தி, விளக்குப் போடுகிற சுவிட்ச்! முதுகில் இருக்கும் வட்டக் கறை அரச முத்திரையாம். பசை காய்ச்சிய சட்டியை இறக்கி, கையில் கிடைத்ததன் மேல் வைக்கிற சோம்பேறியின் முத்திரை அது. பக்கத்தில் ஓடும் வெடிப்பு கப்பல் உடைந்தபோது ஏற்பட்டதாம். கப்பல் உடைந்து கடலில் விழுந்த இழைப்புளி நீந்திக் கரையேறி நேரே பழைய சாமான் கடைக்கு நடந்து வந்ததா? மரத்தின் நட்டநடு நெஞ்சைக் கட்டையாக அறுத்தால் அது வெடிக்கும். தொழில் தெரிந்த எவனும் அதில் இழைப்புளி செய்யமாட்டான்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த அடையாளம். முதுகின் முன்னோரத்தில் ஒரு வட்டமும் இரண்டு வெட்டும் இருக்கிறதே, அது ஏதோ தூரதேசத்துக் கைவினைஞர் கூட்டத்தின் ரகசியக் குறி என்று சான்றிதழில் ஒரு பத்தியே எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்து என் நெஞ்சைத் தடவினாள். ரகசியம் ஒன்றுமில்லை. எங்கள் பட்டறையில் பதினோரு பேர், ஒருவனுக்கும் எழுதத் தெரியாது. சாமான்கள் கலந்துபோய் தினமும் அடிதடி. மேஸ்திரி ஆளுக்கொரு குறி கொடுத்தார். எனக்கு இரண்டு வெட்டு, பிறகு வட்டம். எனக்கு அடுத்த மேசையில் ஒட்டடை என்று ஒருவன். ஆள் நெட்டையாக இருப்பான், கூரையில் தலை உரசும், அதனால் அந்தப் பெயர். அவனுக்கு வட்டம், பிறகு இரண்டு வெட்டு. “நீங்க ரெண்டு பேரும் எதுலதான் ஒத்துப் போயிருக்கீங்க, குறியும் எதிரும் புதிருமாவே இருக்கட்டும்” என்றார் மேஸ்திரி. உங்கள் படத்தில் வட்டம் முதலில் இருக்கிறது. ஆகவே நீங்கள் கையுறை போட்டுத் தடவும் மேதை ஒட்டடைதான்.

அவன் அதைச் செய்த லட்சணத்தையும் கேளுங்கள். நெஞ்சுக் கட்டையை எடுக்காதே என்று எல்லோரும் சொன்னோம், கேட்கவில்லை. தகட்டைத் தீட்டச் சோம்பல், அதனால் சுருள் வாயில் போய் அடைத்தது. தகட்டைத் தீட்டுவதை விட்டுவிட்டு வாயை உளியால் அகலமாக்கினான். வாய் அகலமானதும் இழைப்புளி மரத்தைச் சீவாமல் பிய்க்க ஆரம்பித்தது. அப்போதுதான் பட்டறைக்கு மின்சாரம் இழுத்த ஆட்கள் உடைந்த சுவிட்ச் மூடிகளை மூலையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றை எடுத்து அறுத்து வாயில் ஒட்டினான். அதோடு போய் ஒரு வீட்டுக் கதவை இழைத்தான், கதவு கோழி கிளறின தரை மாதிரி ஆயிற்று. மேஸ்திரி இழைப்புளியைத் திருப்பிப் பார்த்தார். “ஏன்டா, இழைப்புளி செய்யச் சொன்னா கிழவிக்குப் பல்லுக் கட்டிக் கொண்டாந்திருக்க?” என்றார். மீதிப் பத்துப் பேரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தோம். அந்தக் கதையை நான் எத்தனையோ விருந்தில் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூடச் சிரிப்பு விழாமல் போனதில்லை. மின்சாரம் வந்தது என் மகள் பிறப்பதற்கு முந்தின வருடம். ஆகவே உங்கள் இழைப்புளிக்கு வயது சரியாக நாற்பத்து மூன்று. மாப்பிள்ளையைவிட இரண்டு வயது இளையது. அவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலாவது நாலு பேர் பார்ப்பார்கள்.

நேற்று என் மகள் தொலைபேசியில் அழுதாள். “அப்பா, விரல வச்சு அனுப்பிடுங்கப்பா. மாமா இழைப்புளிய வைக்கிற விழாவுக்கு அழைப்பிதழ் அடிச்சு ஊரெல்லாம் கொடுத்துட்டாரு. அன்னிக்கு அவரைச் சங்கத் தலைவராக்கப் போறாங்களாம்” என்றாள். “பொய்யின்னு தெரிஞ்சுமா?” என்றேன். “பொய்யா நெசமான்னு உங்ககிட்ட யாரு கேட்டா? அவரு மூஞ்சி சுருங்கிச்சுன்னா ஒரு மாசம் அந்த மூஞ்சியோட உக்காந்து சாப்பிடப் போறது நான்தானே?” என்றாள். அவளுக்காக மைப்பெட்டியைத் திறந்தேன் சம்பந்தி, மறைக்கவில்லை. கட்டைவிரலை மையில் ஒற்றியும்விட்டேன். ஆனால் அந்தத் தாளை இப்போது என்னால் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. பார்த்தாலே படித்துவிடுகிறேன். முன்பு அது எனக்கு வெறும் கோடுகள், எங்கே வேண்டுமானாலும் விரலை வைத்துவிட்டுப் போகலாம். இப்போது அது என் வாயால் நான் சொல்வதாக இருக்கிறது. விரலைத் துடைத்துவிட்டேன். வேட்டியில்தான், அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆகவே சான்றிதழுக்கு என் ரேகை கிடையாது. இழைப்புளியை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அல்லது கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுங்கள், அதற்கு அது ஏற்ற கனம்தான். விழாவில் விவரம் தெரிந்த ஒருவன் வந்து ஊசியைச் சுட வைத்தால் அவமானம் உங்களுக்கு, மேடையில் பக்கத்தில் நின்ற பாவத்துக்கு எனக்கும். என் மகளுக்கு இந்தக் கடிதத்தைப் பற்றி எதுவும் தெரியாது, கோபத்தை என் மேல் காட்டுங்கள், அவள் தட்டைப் பார்த்துக் காட்ட வேண்டாம். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசி, வயதைச் சொன்னதற்கு மன்னிக்கச் சொல்லவும். நீங்கள் நல்ல கண்ணோடும் நல்ல செவியோடும் நூறு வயது தாண்டி, நிஜமாகவே ஒரு பழம்பொருளாக வாழ வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கதவைக் கிளறின இடத்தில் அவள் சிரிப்பாள் என்று நிறுத்திப் பார்த்தேன். சிரிக்கவில்லை. “அந்தப் படத்தக் கொண்டாங்க” என்றாள். “இழைப்புளிய நீங்க எந்தப் பக்கம் நின்னு பிடிப்பீங்க?” என்றாள். பின்பக்கம் என்றேன். “படம் எந்தப் பக்கம் நின்னு எடுத்திருக்கு?” முன்பக்கம் என்றேன். படத்தைத் தலைகீழாகத் திருப்பி என் கையில் வைத்தாள். இரண்டு வெட்டு, பிறகு வட்டம். என் குறியை ஐம்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் முன்பக்கமிருந்து பார்த்ததில்லை சம்பந்தி. நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் தொடர்ந்தாள். “கதவக் கிளறினது நீங்க. மேஸ்திரி ஒரு மாசம் உங்களத்தான் பல்லுகட்டின்னு கூப்பிட்டாரு. ஒட்டடை அண்ணன் நம்ம வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நீங்க கோவத்துல தூக்கி எறிஞ்சத பரண்ல வச்சிருந்து, போன வருஷம் பழைய சாமான்காரன்கிட்ட போட்டதே நான்தான்.” அப்படியானால் இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அவரு கதையா சொல்றப்ப நல்லா சொல்றீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்” என்றாள்.

ஆகவே மேலே உள்ள பக்கங்களைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான், ஆறு நாள் உழைப்பு, மனம் வரவில்லை. இழைப்புளியைப் பற்றி நிதானமாக யோசித்ததில் அது அவ்வளவு மோசமில்லை. நெஞ்சுக் கட்டை என்றால் நல்ல கனம் இருக்கும். வாயில் அந்த வெள்ளைத் துண்டை வைத்தது, அந்த வயதில், யாரும் சொல்லித் தராமல், எனக்கே தோன்றியது. அதைக் கதவுக்கு முட்டுக்கொடுக்க வேண்டாம். சான்றிதழின் பின்பக்கம் நானே நாலு வரி எழுதி அனுப்பியிருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று, துண்டு சுவிட்ச் மூடி, கப்பல் இல்லை. ‘பெயர் அறியாத மேதை’ என்பதில் ‘பெயர் அறியாத’ என்பதை மட்டும் அடித்திருக்கிறேன். கீழே விரல் வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நூற்றெழுபது போய்விட்டதே என்று முகம் சுருங்க வேண்டாம். செய்தவனே உயிரோடு வந்து பக்கத்தில் நிற்கிற பழம்பொருள் வேறு எந்தச் சங்கத்தில் இருக்கிறது? தலைவர் பதவி உங்களுக்குத்தான். நான் விழாவுக்கு வந்து பேசுகிறேன். பெட்டியில் வைக்கும்போது பின்பக்கம் ஜனங்களைப் பார்த்து இருக்கட்டும்.

ஒட்டடைக்கும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்று என் மனைவி பிடிவாதமாக இருக்கிறாள். அவனுக்குப் படிக்கத் தெரியாது, எழுதினால் நானே எடுத்துக்கொண்டு போய் வாசிக்க வேண்டும். எந்த வரிகளை விட்டுவிட்டு வாசிக்கலாம் என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டுவிட்டு அவன் என்ன சொன்னான் என்பதை அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.