பால் வண்டியை முந்திய கார்

"அத்தான், ஒண்ணு உக்காந்துடுச்சு. ரெண்டாவதுக்கு இடமில்ல" என்று காருக்கு அடியிலிருந்து மைத்துனனின் குரல் வந்தது.

நூலகர் குனிந்து பார்த்தார். கிரீஸ் அப்பிய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"இடமில்லன்னா எப்படி? எல்லா வண்டிக்கும் பொருந்தும்னு பெட்டி மேலயே போட்டிருந்துச்சே?"

"வண்டிக்குப் பொருந்தும் அத்தான். வண்டிக்குள்ள ஏற்கெனவே இருக்கிற சாமான்களுக்குத்தான் பொருந்தாது."

நூலகர் மடியில் வைத்திருந்த இரண்டாவது டர்போவை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்டார். பெட்டி வந்த நாளிலிருந்து அதை அவர் கீழே வைப்பதே அபூர்வம். புத்தகம் துடைக்கிற மஞ்சள் துணியால் தினமும் துடைத்தார். ஆள்காட்டி விரலால் லேசாகத் தொட்டாலே உள்ளே இருந்த சின்னச் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றும். எவ்வளவு மெல்லிய இதழ்கள்! மனிதன் கையால் இப்படியெல்லாம் செய்ய முடியுமா என்று அவர் வாயடைத்துப் போவார். ஒரே ஒரு விஷயம்தான் அவருக்குப் புரியவில்லை. காருக்கு வேகம் கொடுக்கப் பிறந்த இந்தச் சாமான் பார்ப்பதற்கு அச்சு அசல் நத்தையாக இருந்தது.

"இது எப்படி வேலை செய்யுதுன்னு இன்னொரு தடவை சொல்லேன் மாப்பிள்ளை."

"எத்தனை தடவை அத்தான்! இஞ்சின்லேர்ந்து வர்ற புகை இந்தப் பக்கச் சக்கரத்தைச் சுத்த வைக்கும். அது சுத்தினா அந்தப் பக்கச் சக்கரமும் சுத்தும். அது காத்தை வாரி இஞ்சினுக்குள்ள திணிக்கும். காத்து நிறைய போனா பெட்ரோல் நல்லா எரியும். வண்டி பறக்கும்."

"வெளிய தள்ளுற புகையிலேயேவா!" என்று நூலகர் கிசுகிசுத்தார். பகலெல்லாம் நூலகத்தில் மற்றவர்களைச் சத்தம் போடாதே என்று சொல்லிச் சொல்லி, அவர் குரலே அந்த அளவில் நின்றுவிட்டிருந்தது.

அவருடைய வாழ்க்கையில் சத்தமான பொருள் இந்தக் கார் ஒன்றுதான். கல் வியாபாரம் செய்த சித்தப்பா, பிள்ளை குட்டி இல்லாததால், சாகும்போது இவருக்கு விட்டுவிட்டுப் போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். முன்பக்கம் கூர்மை, பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்வு. "பந்தயக் காருன்னா பின்னாடி அப்படிப் பம்மித்தான் நிக்கும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார்.

பம்மி நின்றதே தவிர, பாய்ந்ததில்லை. அவர்கள் வீடு ஒரு நீண்ட ஏற்றத்தின் உச்சியில் இருந்தது. நூலகமும், அவர் மனைவியின் தையல் கடையும் அடிவாரத்தில். சாயங்காலம் இருவரும் காரில் ஏறி வீடு திரும்பும்போது, கார் முக்கி முனகி ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னாலேயே கேன்கள் கடகடக்கப் பால் வண்டி வரும். ஒதுங்கி, முந்தி, போகிற போக்கில் பால் வண்டிக்காரர் ஒரு சலாம் வைத்துவிட்டுப் போவார். இது தினமும் நடந்தது.

"அவர் சலாம் வச்சாக்கூடப் பரவாயில்லைங்க, அந்தக் கேனெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்குது" என்று ஒரு நாள் மனைவி பொங்கிவிட்டாள். "போதும். கார் வாங்க ஒருத்தர் தேடிக்கிட்டிருக்காரு. அடுத்த மாசம் வந்து பார்க்கச் சொல்லியிருக்கேன்."

நூலகர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை.

"சரி, ஒண்ணு செய்யுங்க. இந்த ஏத்தத்துல பால் வண்டியை ஒரே ஒரு தடவை முந்திக் காட்டுங்க. அப்புறம் இந்தக் காரைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா வர்றவருக்குச் சாவியைக் குடுத்துடணும்."

அப்போதுதான் அவளுடைய தம்பி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். செல்போனில் வீடியோ பார்த்தே சகல தொழிலையும் கற்றுக்கொண்டவன் அவன். "அக்கா, ட்வின் டர்போன்னு ஒண்ணு இருக்கு" என்றான். வினை அங்கே ஆரம்பித்தது.

இரண்டாவது டர்போவுக்கு இடம் வேண்டுமென்றால் பேட்டரியை எடுக்க வேண்டும். எடுத்தால் எங்கே வைப்பது? பின்னால் டிக்கியில் வைக்கலாம். ஆனால் டிக்கி சித்தப்பா காலத்திலேயே இறுகிப்போய், சாவியும் தொலைந்துவிட்டிருந்தது. மைத்துனன் கடப்பாரையோடு வந்தான்.

"மெதுவா, மெதுவா" என்று நூலகர் பதறினார்.

"மெதுவாத்தான் அத்தான்" என்று அவன் ஒரே நெம்பில் டிக்கியைப் பிளந்தான்.

உள்ளே பேட்டரி வைக்க இடமில்லை, ஒரு தீப்பெட்டி வைக்கக்கூட இடமில்லை. கோணிச் சாக்கில் சுற்றிய பளபளப்பான கருங்கற்கள், விளிம்பு வரை அடுக்கப்பட்டிருந்தன.

"சித்தப்பாவோட சாம்பிள் கல்லு" என்றார் நூலகர், நெகிழ்ந்துபோய். "பாவம், கடைசி வரைக்கும் தொழிலை மறக்கல."

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். அந்தக் காரைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது அன்றுதான் முதல் தடவை. ஷெட்டுக்கும் சமையலறைக் கதவுக்கும் நடுவே எப்போதும் சேறு. "இங்க கொண்டாங்க, வரிசையாப் போடுங்க. வீட்டுக்குள்ள சேறு மிதிச்சுக்கிட்டு வராம இருக்கலாம்" என்றாள். ஆண்கள் இருவரும் ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் போட்டதில் நூலகருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஷெட்டிலிருந்து கதவு வரை கறுப்பாக, கண்ணாடி மாதிரி ஒரு பாதை உருவாயிற்று. அதன்மேல் நடந்து பார்த்துவிட்டு, "இந்தக் காரால இதாவது லாபம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

பேட்டரி பின்னால் போனதும் ஒயர்களை நீட்ட வேண்டியிருந்தது. நீட்டினார்கள். ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடியது. மைத்துனன் வீடியோவை மறுபடி பார்த்து, இரண்டு ஒயரை மாற்றினான். வைப்பர் நின்றது. இப்போது பிரேக்கை மிதித்தால் ஹாரன் அலறியது.

"இதை இப்படியே விட்டுடலாம் அத்தான். பாதுகாப்புக்கு நல்லதுதான்."

அடுத்து, டர்போக்களிலிருந்து இஞ்சினுக்குப் போகும் இரண்டு குழாய்கள் நீளம் போதவில்லை. மைத்துனன் அவற்றைக் கடைவீதி லேத் பட்டறையில் கொடுத்துத் துண்டு சேர்த்து வெல்டிங் பண்ணச் சொன்னான். தூசி போகக்கூடாது என்று, இஞ்சின் வாயில் பழைய ஏர் ஃபில்டரையே இப்போதைக்கு மாட்டிவைத்தான். லேத்துக்காரர் மகளைக் கல்லூரியில் சேர்க்க வெளியூர் போய்விட்டார்.

அதற்குள் பானெட் பிரச்சினை வந்துவிட்டது. இரண்டு நத்தைகளும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றதால் மூட முடியவில்லை. ஓட்டை போடலாம் என்றான் மைத்துனன். பானெட்டைக் கழற்றி, திருப்பிப் போட்டு, சாக்பீஸால் அளந்து கோடு போட்டு, கட்டிங் மெஷினால் அழகாக ஒரு வட்டம் அறுத்தான். திரும்ப எடுத்து வைத்தால் ஓட்டை இடப்பக்கம், டர்போக்கள் வலப்பக்கம்.

"திருப்பிப் போட்டா பக்கமும் மாறும்ல?" என்றார் நூலகர் மெதுவாக.

"அதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும் அத்தான்."

வலப்பக்கமும் ஓர் ஓட்டை போட்டான். நடுவில் மிச்சமிருந்த தகடு தொய்ந்து மடங்கியது. கடைசியில் பானெட்டையே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். மனைவி அதில் துணி காயப்போட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. பேசிவிட்டு மனைவி ஷெட்டுக்கு வந்தாள்.

"கார் வாங்குறவர் அடுத்த மாசம் வெளியூர் போறாராம். இன்னிக்குச் சாயங்காலமே வந்து பார்த்துடறேங்கிறாரு."

நூலகருக்குக் கை கால் ஓடவில்லை. "இன்னிக்கா? மாப்பிள்ளை!"

மைத்துனன் இஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தான். கண்ணில் பட்டதெல்லாம் முறுக்கினான். "எல்லாம் இருக்க வேண்டிய இடத்துல இருக்கு அத்தான். எடுத்துடலாம்" என்றான்.

இத்தனை நாளும் முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்த காரை ஜாக்கியிலிருந்து இறக்கினார்கள். சக்கரம் நான்கும் தரையைத் தொட்டன. எப்போதும் பம்மி நிற்கும் பின்பக்கம் இன்று விறைப்பாக நிமிர்ந்து நின்றது.

"பார்த்தீங்களா அத்தான்!" என்று மைத்துனன் மெய்சிலிர்த்தான். "டர்போ ஏறினதும் வண்டிக்கே ஒரு மிடுக்கு வந்துடுச்சு!"

நூலகர் சாவியைத் திருப்பினார்.

முதலில் உறுமல். பிறகு, அந்த உறுமலுக்கு உள்ளேயிருந்து, கூர்மையான ஒரு விசில் எழுந்தது. இரண்டு நத்தைகளும் ஒன்றாகக் குரல் சேர்த்துப் பாடின. ஷெட்டுக் கூரை அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நூலகர் பழக்கதோஷத்தில் உதட்டில் விரல் வைத்து, "உஷ்!" என்றார். பிறகு தான் செய்ததை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

காரை அடிவாரத்துக்கு இறக்கிக்கொண்டு போய் நிறுத்தினார். வழியெல்லாம் பிரேக் பிடித்ததால் வழியெல்லாம் ஹாரன். என்னவோ ஏதோ என்று தெருவே வெளியில் வந்துவிட்டது. உச்சியில், வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு மனைவி நின்றாள். பக்கத்தில் செல்போனில் படம் எடுத்தபடி மைத்துனன்.

பால் வண்டி வந்தது. வழக்கம்போல் ஒரு சலாம் வைத்து, ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது. அது பாதித் தூரம் போகட்டும் என்று நூலகர் காத்திருந்தார். வாழ்க்கையில் அவர் எதற்கும் அவசரப்பட்டதில்லை. இன்று முடியாமல் போனால் இந்த ஸ்டீரிங்கைத் தொடுவது இதுதான் கடைசி. ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்தார்.

அதன்பிறகு நடந்ததை அவரால் யாருக்கும் சரியாக விவரிக்க முடிந்ததே இல்லை. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மரங்கள் பின்னால் ஓடின. விசில் காதைத் துளைத்தது. இந்த ஏற்றம் இவ்வளவு சின்னதா? பால் வண்டியின் பின்பக்கம் தெரிந்தது, கேன்கள் தெரிந்தன, டிரைவரின் வாய் பிளந்த முகம் தெரிந்தது. அடுத்த கணம் எதிரில் காலியான சாலையும், கொஞ்சம் வானமும்தான் இருந்தன. வீட்டு வாசலில் பிரேக்கை மிதித்தபோது ஹாரன் வெற்றி முழக்கமாக அலறியது.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். மனைவி கேட்டை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஏங்க, நிஜமாவே நீங்கதான் ஓட்டினீங்களா?"

"நானேதான்" என்றார் அவர், உரத்த குரலில். அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கேயே நின்று போனை எடுத்தாள். "சார், மன்னிச்சுக்குங்க. வண்டி விக்கிறதா இல்ல. ஆமா, எவ்வளவு குடுத்தாலும் இல்ல."

பால் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பானெட் இல்லாத இஞ்சினுக்குள் பயபக்தியோடு எட்டிப் பார்த்தார்.

"இந்த ரெண்டும்தானா சார்?"

"இந்த ரெண்டும்தான்."

"இத்துனூண்டு சாமான்! அடேயப்பா! தொட்டுப் பார்க்கலாமா?"

"சுடும்ணே" என்றான் மைத்துனன், இதைக் கண்டுபிடித்தவனே தான்தான் என்கிற தோரணையில். தெருவே காரைச் சூழ்ந்து நின்றது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. நூலகத்தில்கூட அப்படி ஓர் அமைதியை நூலகர் கண்டதில்லை. காரை மெதுவாக ஷெட்டுக்குள் விட்டார். கூட்டம் பின்னாலேயே வந்தது.

அப்போது ஸ்கூட்டரில் லேத்துக்காரர் வந்து இறங்கினார். அக்குளில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம்.

"தம்பி, கோச்சுக்காத. காலேஜ் வேலை இழுத்தடிச்சுடுச்சு. இதில்லாம உங்க வேலை நிக்குமேன்னு இறங்கினதும் நேரா பட்டறைக்குப் போய் முடிச்சு எடுத்துட்டு வரேன்" என்று தாளைப் பிரித்தார். வெல்டிங் பளபளக்க இரண்டு குழாய்கள்.

மைத்துனன் செல்போனைத் தாழ்த்தினான்.

"எது நிக்கும்?" என்றார் பால் வண்டிக்காரர். "வண்டி இப்பதான்யா என்னை முந்திக்கிட்டுப் பறந்துச்சு!"

லேத்துக்காரர் இஞ்சினுக்குள் குனிந்தார். பழைய ஏர் ஃபில்டரை ஒரு தட்டுத் தட்டினார். திறந்தபடி கிடந்த டர்போக்களின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார்.

"பறந்திருக்கலாம். ஆனா டர்போவால இல்ல. இதுங்க ஊதின காத்து அம்புட்டும் ரோட்டுக்குத்தான் போயிருக்கு. இஞ்சின் எப்பவும்போல அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்கு. இது ரெண்டும் விசில் அடிச்சதோட சரி."

நூலகர் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியென்றால் அந்த மரங்கள்? அந்த வானம்? எது தன்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று? மனைவி அவரைப் பார்த்தாள், அவர் மைத்துனனைப் பார்த்தார், மைத்துனன் தரையைப் பார்த்தான்.

லேத்துக்காரர் குழாய்களை அவன் கையில் திணித்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் நடந்தார். நாலடி வைத்ததும் நின்று, காலுக்குக் கீழே இருந்த கறுப்புக் கல்லைக் குதிகாலால் அழுத்திப் பார்த்தார்.

"அதை விடுங்க சார், இந்தக் கல்லு நல்ல கனமான கல்லாச்சே. இந்த ஏத்தத்துல இவ்வளவையும் எந்த லாரி சார் இழுத்துக்கிட்டு வந்துச்சு?"